ஒரே ஒரு முடிவைப் பின்தொடருங்கள்: அறிவு மேலாண்மையில் ஆய்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

“உங்கள் நிறுவனத்தில் அறிவுப் பகிர்வு ஊக்குவிக்கப்படுகிறதா?” கேள்விக்குக் கீழே ஐந்து கட்டங்கள். ‘முற்றிலும் ஏற்கிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை. படிவத்தை ஹெச்.ஆர். மேலாளரே கொண்டுவந்து நீட்டினால் யார்தான் கடைசிக் கட்டத்தில் டிக் அடிப்பார்கள்? இப்படி முந்நூறு படிவம் சேர்த்து, மென்பொருளில் ஏற்றி, ‘அறிவுப் பகிர்வு செயல்திறனைக் கூட்டுகிறது’ என்று முடிக்கும் ஆய்வேடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அதைப் படித்துவிட்டு ஒரு நிறுவனம் நாளைக் காலை எதையாவது மாற்றிச் செய்யுமா என்றால், செய்யாது.

அறிவு மேலாண்மை (நிறுவனத்தில் இருக்கும் அறிவைத் திரட்டி, பகிர்ந்து, பயன்படுத்துவது), முடிவெடுக்க உதவும் கணினி அமைப்புகள் ஆகிய இரண்டையும் சேர்த்து முனைவர் பட்டத்துக்கோ எம்.பி.ஏ. புராஜெக்ட்டுக்கோ எடுப்பவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். நிறுவனம் முழுவதையும் அளக்கக் கிளம்பாதீர்கள். அங்கே திரும்பத் திரும்ப எடுக்கப்படும் ஒரே ஒரு முடிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் யாருக்கு என்ன தெரிந்திருக்கிறது, அதில் எது எழுத்தில் இருக்கிறது, எது ஒருவரின் கையிலும் கண்ணிலும் மட்டும் இருக்கிறது, கணினி எங்கே உதவும், எங்கே உளறும் என்று தேடிக்கொண்டு போனால் ஆய்வேடு தானாக வடிவம் எடுக்கும்.

படி 1: முடிவைத் தேர்ந்தெடுங்கள்

நல்ல முடிவுக்கு நான்கு அடையாளங்கள் உண்டு. அடிக்கடி எடுக்கப்பட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வரும் முடிவை மூன்று வருட ஆய்வில் மூன்று முறைதான் பார்ப்பீர்கள். ஏதாவது ஒரு பதிவேட்டில் அது தடம் விட்டிருக்க வேண்டும். நல்ல முடிவா கெட்ட முடிவா என்பது சில நாட்களிலோ வாரங்களிலோ தெரிய வேண்டும். ‘இதை அவரைக் கேட்டால்தான் சரியாக இருக்கும்’ என்று எல்லோரும் கை காட்டும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். நான்காவது இல்லையென்றால் வேறு முடிவைத் தேடுங்கள்.

கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது, மருத்துவமனையில் படுக்கை ஒதுக்குவது, பணிமனையில் எந்தப் பேருந்தை முதலில் பழுதுபார்ப்பது என எதுவும் ஆகும். இங்கே கடைசி வரை ஒரே எடுத்துக்காட்டோடு போகிறேன்: கோவைப் பக்கத்து நூற்பாலையில் ‘மிக்ஸிங்’.

மில் பக்கம் போகாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். குடோனில் பல லாட் பருத்தி கிடக்கும்; லாட் என்றால் ஒரே தொகுதியாக வந்த சரக்கு. குஜராத்திலிருந்து வந்த ஷங்கர்-6 ஒரு பக்கம், வேறு ஊர், வேறு ரகம் இன்னொரு பக்கம். ஒரு பேல், அதாவது அழுத்திக் கட்டிய பருத்திப் பொதி, சுமார் 170 கிலோ. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரி எடுத்து ஹெச்.வி.ஐ. கருவியில் வைத்தால் இழையின் நீளம், வலு, நிறம், மைக்ரோனேர் எல்லாம் எண்ணாக வரும். இழை எவ்வளவு மெலிசு, எவ்வளவு முற்றியது என்பதைச் சேர்த்துச் சொல்லும் எண்தான் மைக்ரோனேர். இன்றைய கலவையில் எந்த லாட்டிலிருந்து எத்தனை பேல்? நூலின் செலவில் பாதிக்கு மேல் பருத்திக்கே போகிறது. விலை குறைந்த பருத்தியை அதிகம் சேர்த்தால் ஓட்டத்தில் நூல் அறும். நல்ல பருத்தியை அள்ளிப் போட்டால் லாபம் கரையும். ஒரு கலவைக்கும் அடுத்த கலவைக்கும் மைக்ரோனேர் மாறிவிட்டால், பின்னி, சாயம் போட்ட பிறகு துணி பட்டை பட்டையாகத் தெரியும். திருப்பூரிலிருந்து புகார் வரும்போது அந்தப் பருத்தி குடோனில் இருக்காது.

இந்த முடிவில் பணம், எண், கைப்பழக்கம், பயம் நான்கும் இருக்கின்றன. ஆய்வாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

படி 2: முடிவின் வகையைத் தீர்மானியுங்கள்

ஹெர்பர்ட் சைமன் 1960-ல் முடிவெடுப்பதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: பிரச்சினை இருப்பதை மோப்பம் பிடிப்பது, வழிகளை உருவாக்குவது, அவற்றில் ஒன்றைத் தேர்வது. 1971-ல் ஆன்டனி கோரி, ஸ்காட் மார்ட்டன் இருவரும் சைமனின் கருத்தை வளர்த்து, முடிவுகளை முழுக்க ஒழுங்குள்ளவை, அரைகுறை ஒழுங்குள்ளவை, ஒழுங்கே இல்லாதவை என வகுத்தார்கள். முதல் வகையைக் கணினியிடமே ஒப்படைத்துவிடலாம். மற்ற இரண்டிலும் மனிதனுக்குத் துணையாக மட்டும் கணினி நிற்க வேண்டும். முடிவு ஆதரவு அமைப்பு என்ற சொல்லே அவர்கள் கட்டுரையிலிருந்துதான் பரவியது.

மிக்ஸிங் நடு வகை. சராசரிக் கணக்கு ஒழுங்கானது. ‘இந்த லாட்டின் ரிப்போர்ட்டை நம்பலாமா’ என்பது ஒழுங்கில்லாதது. உங்கள் முடிவையும் இப்படி உடைத்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒழுங்குள்ள பாதி பிற்பாடு கணித மாதிரியாகும் (மாடல்); மற்ற பாதிதான் களவேலை.

படி 3: எதைப் படிப்பது

இந்தத் துறையின் இலக்கியம் கடல். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் களத்துக்குப் போவேன் என்பவர் போகவே மாட்டார். நான்கு இடங்களில் ஆழமாக இறங்கினால் போதும்.

முதலில் தத்துவவாதி மைக்கேல் போலன்யி. சொல்ல முடிவதைவிட அதிகம் நமக்குத் தெரிந்திருக்கிறது என்பதை 1966-ல் அவர் விரித்தெழுதினார். கூட்டத்தில் தெரிந்த முகத்தைச் சட்டென்று கண்டுபிடிக்கிறோம். எப்படி என்று கேட்டால் விழிக்கிறோம். இந்த உள்ளுறை அறிவைத்தான் பிறகு வந்தவர்கள் நிறுவனங்களுக்குள் தேடினார்கள்.

அடுத்து ஜப்பானிய மேலாண்மை அறிஞர்கள் நோனகாவும் தக்கெயுச்சியும். வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரத்தை மத்சுஷிதா நிறுவனம் உருவாக்கியபோது மாவு சரியாகப் பிசையவில்லை. குழுவிலிருந்த மென்பொருள் உருவாக்குநர் ஒருவர் ஒசாகா நகரின் புகழ்பெற்ற ஓட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய் வேலை பழகினார். அந்தக் கலைஞர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கிறார் என்று கண்டுகொண்ட பிறகுதான் பொறியாளர்களால் அந்த அசைவை இயந்திரத்தில் கொண்டுவர முடிந்தது. பழகுதல், சொல்லாக்குதல், கோத்தல், உள்வாங்குதல் என்ற அவர்களின் நான்கு கட்டச் சுழற்சி எல்லாப் பாடப்புத்தகத்திலும் படமாக இருக்கிறது. படத்தை வரைந்து ஒட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உள்ளுறை அறிவு முழுவதையும் சொல்லாக மாற்றிவிட முடியுமா என்று அவர்களைக் கேள்வி கேட்டவர்கள் உண்டு; போலன்யியையே ஒழுங்காகப் படித்தால் அந்தச் சந்தேகம் உங்களுக்கும் வரும். ரொட்டிக் கலைஞரின் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போனது ஒரு முறுக்கு மட்டும். மீதி அவர் கையிலேயே தங்கிவிட்டது.

மூன்றாவதாக ஜூலியன் ஓர். மானுடவியலாளரான இவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே சுற்றினார். பழுதைக் கண்டுபிடிக்க நிறுவனம் அச்சிட்டுக் கொடுத்த கையேடு இருந்தது. உண்மையான வேலையோ அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளில் நடந்தது. ‘போன வாரம் ஒரு மெஷின் இப்படித்தான் மக்கர் பண்ணுச்சு’ என்று தொடங்கும் பேச்சுதான் அவர்களின் நூலகம். இந்தப் புரிதலின் தொடர்ச்சியாக ஜெராக்ஸ் 1990-களில் ‘யுரேகா’ என்ற அமைப்பை உருவாக்கியது. பழுதுபார்ப்பவர் எழுதும் குறிப்பைச் சக தொழிலாளர்களே சரிபார்ப்பார்கள். எழுதியவர் பெயர் குறிப்போடு நிற்கும்.

நான்காவது நம் நாட்டுக் கதை, இன்போசிஸ். அறிவுக் களஞ்சியத்தில் கட்டுரை ஏற்றுபவர்களுக்குப் புள்ளிகள் கொடுத்துப் பொருளாக மாற்றிக்கொள்ளும் வசதியை நிறுவனம் கொண்டுவந்தது. கட்டுரைகள் வந்து குவிந்தன. தரம் இறங்கியது, சரிபார்ப்பவர்களுக்குச் சுமை ஏறியது, பரிசுக்காக எழுதும் பழக்கம் வந்தது. பிறகு நிறுவனம் அந்த முறையை மாற்றியமைத்தது. ரகு கருட், அருண் குமாரசாமி ஆகியோர் 2005-ல் இதை விரிவாக எழுதினார்கள். அறிவு மேலாண்மையில் ஒரு நல்ல ஏற்பாடே எப்படி வினையாகும் என்று காட்டும் ஆய்வுகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

துறையின் மொத்த வரைபடம் வேண்டுமென்றால் அலவி, லீட்னர் இருவரும் 2001-ல் எழுதிய மறுஆய்வுக் கட்டுரை. அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று கூகுள் ஸ்காலரில் தேடி, உங்கள் முடிவுக்கு நெருக்கமானவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா களஞ்சியம் இருக்கிறது. உங்கள் தலைப்பில் ஏற்கெனவே என்ன நடந்திருக்கிறது என்பதை நெறியாளர் கேட்பதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள்.

படி 4: உள்ளே நுழைவது

இங்கேதான் பல ஆய்வுகள் மடிகின்றன. ஒரு மில்லில் நான்கு மாதம் வாசற்படி தேய்த்தேன். ‘எம்.டி. ஊரில் இல்லை’ என்பதே பதில். பிறகு புரிந்தது: நான் கொடுத்த கடிதத்தில் ‘அறிவு மேலாண்மை நடைமுறைகளின் தாக்கம்’ என்று இருந்தது. அதில் அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு மில்லில் ‘சாயப் புகார் வந்த கலவைகளை மட்டும் ஆறு மாதத்துக்குப் பின்னோக்கிப் பார்த்துத் தருகிறேன்’ என்று எழுதினேன். ஒரு வாரத்தில் அழைத்தார்கள்.

மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் பதிவேடுகளைப் பார்க்கலாம், எதை வெளியிடலாம், யாரிடம் பேசலாம். கலவை விகிதம் தொழில் ரகசியம், விலை அதைவிட ரகசியம். விலையை ரூபாயில் போடாமல் ‘அடிப்படை லாட் = 100’ என்று குறியீடாக மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பேசும் தொழிலாளி எதைச் சொன்னார் என்பது நிர்வாகத்துக்குப் போகாது என்ற உறுதியையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். இது இல்லாமல் தொடங்கும் பேட்டி வெறும் உபசார வார்த்தை.

படி 5: களவேலை

நேரம் இருப்பதில் பாதியை இந்தப் படிக்கு ஒதுக்குங்கள்.

முதல் இரண்டு வாரம் எதுவும் கேட்காதீர்கள். எல்லோரும் கை காட்டும் அந்த அனுபவசாலி, மில்லில் அவர் ‘மாஸ்டர்’, குடோனுக்குப் போகும்போது கூடப் போங்கள். எந்தப் பேலின் அருகே நிற்கிறார், எங்கே ஒரு பிடி பிய்த்துப் பார்க்கிறார், ரிப்போர்ட்டை எப்போது எடுக்கிறார், யாருக்குப் போன் போடுகிறார் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். ‘நாங்க ஹெச்.வி.ஐ. ரிப்போர்ட் பார்த்துத்தான் போடுறோம்’ என்று அலுவலகத்தில் சொல்வார்கள். குடோனில் கை முதலில் போயிருக்கும், ரிப்போர்ட் பிறகு வந்திருக்கும். இந்த இடைவெளிதான் உங்கள் தரவு.

அதன்பிறகு பேட்டி. ‘எப்படி முடிவெடுப்பீர்கள்?’ என்று பொதுவாகக் கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் கிடைக்கும். கேரி க்ளைனும் சகாக்களும் தீயணைப்பு அதிகாரிகளை ஆராய்ந்து உருவாக்கி 1989-ல் வெளியிட்ட ஒரு முறை இருக்கிறது. நடந்த ஒரே ஒரு இக்கட்டான சம்பவத்தை எடுத்து அதையே நான்கு சுற்று பேச வேண்டும். முதல் சுற்றில் அவர் போக்கில் கதையைச் சொல்லட்டும். இரண்டாவதில் நேர வரிசை போடுங்கள். மூன்றாவதில் ஒவ்வொரு திருப்பத்திலும் என்ன பார்த்தீர்கள், எது உறுத்தியது என்று தோண்டுங்கள். நான்காவதில் ‘புதிதாக வந்த ஒரு பையன் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பான்?’ என்று கேளுங்கள். அதுவரை ஒரு வரியில் பேசியவர்கூட இந்தக் கேள்விக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுவார்.

எப்படிப் போகும் என்று காட்ட ஒரு துண்டு:

“சார், இந்த லாட் ரிப்போர்ட்படி சரியாத்தானே இருக்கு? ஏன் தள்ளி வெச்சீங்க?”

“ரிப்போர்ட் சராசரிதானுங்க தம்பி. பத்து பேல்ல மாதிரி எடுத்து ஒரு நம்பர் போட்டிருக்கான். உள்ள ரெண்டு பேல் பிஞ்சுப் பருத்தி. கையில எடுத்தா சவசவன்னு இருக்கும்.”

“பையனா இருந்தா?”

“நம்பரைப் பார்த்துப் போட்டிருப்பான். அடுத்த மாசம் துணியில வெள்ளைப் புள்ளி வரும்.”

இந்த இரண்டு பதில்களில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. முற்றாத இழை சாயத்தைச் சரியாகப் பிடிக்காது. சிறு முடிச்சாகத் திரண்டு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். 3.9 மைக்ரோனேர் உள்ள பருத்தி மட்டுமே கொண்ட கலவைக்கும், 3.3-ஐயும் 4.5-ஐயும் சரிபாதி சேர்த்த கலவைக்கும் சராசரி ஒன்றுதான். சாயத்தில் இரண்டும் ஒன்றாக நடந்துகொள்ளாது. மாஸ்டர் கை பார்த்தது சராசரியை அல்ல, பரவலை.

படி 6: பேச்சைத் தரவாக்குவது

பேட்டியைப் பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். உடனே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் ‘சவசவ’ போன்ற சொற்கள் தொலைந்துவிடும். தொலைவது சொல் மட்டும் இல்லை, ஒரு அளவுகோல். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் எந்தக் குறிப்பு, எந்த முடிவு, என்ன காரணம் என்று குறியிடுங்கள். இன்னொருவரையும் தனியாகக் குறியிடச் சொல்லி, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று கோஹன் 1960-ல் கொடுத்த கப்பா அளவில் பாருங்கள். ஒத்துப்போகாத இடங்களை மறைக்காமல் பட்டியலிடுங்கள்.

படி 7: கருத்துக்கணிப்பு கட்டாயம் என்றால்

சில துறைகளில் எண் இல்லாவிட்டால் விட மாட்டார்கள். சரி, நடத்துங்கள். ஆனால் காரணத்தையும் விளைவையும் ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரே படிவத்தில் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் இரண்டுக்கும் இடையே வரும் உறவில் ஒரு பகுதி கேட்ட முறையாலேயே உண்டாகியிருக்கும். இதைப் பற்றி பொட்சகாஃப் குழு 2003-ல் எழுதியது கட்டாயம் படிக்க வேண்டியது. விளைவுக்கு நூல் அறுபடும் எண்ணிக்கை, புகார் பதிவேடு போன்றவற்றைப் பயன்படுத்துங்கள். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.7-ஐத் தாண்டிவிட்டது என்பதால் கேள்வி சரியானது என்று ஆகிவிடாது.

படி 8: கணித மாதிரி கட்டுவது

களவேலையில் கிடைத்தது இங்கே கணக்காகிறது. மிக்ஸிங்குக்கு நேரியல் திட்டமிடல் (கட்டுப்பாடுகளுக்குள் நின்று செலவைக் குறைக்கும் கணக்கு முறை) போதும். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எத்தனை பேல் என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டிய மாறி. மொத்தச் செலவு குறைய வேண்டும். கலவையின் நீளமும் வலுவும் ஒரு அளவுக்குக் கீழே போகக் கூடாது, மைக்ரோனேர் ஒரு வரம்புக்குள் நிற்க வேண்டும், இருப்பில் உள்ளதைவிட அதிகம் எடுக்கக் கூடாது. எக்ஸெலின் சால்வரிலேயே ஓட்டலாம். இழைப் பண்புகள் கலவையில் அப்படியே சராசரியாகும் என்பது தோராயம்தான் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் நிச்சயம் கேட்பார்கள்.

இதோடு நின்றால் பாடப்புத்தகக் கணக்கு. மாஸ்டர் சொன்ன பரவலை ஒரு கட்டுப்பாடாகச் சேருங்கள்: குறிப்பிட்ட மைக்ரோனேருக்குக் கீழான பேல்கள் கலவையில் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிறகு அந்தக் கட்டுப்பாட்டோடும் இல்லாமலும் ஓட்டி, செலவு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஒருவர் கையில் இருந்த அறிவின் விலை இப்போது எண்ணாக உங்கள் முன்னால். இரண்டு துறைகளையும் ஏன் ஒரே ஆய்வேட்டில் சேர்த்தாய் என்ற கேள்விக்கு இந்த ஒரு அட்டவணையைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் பலரும், அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை போடும் சாட்டியின் ஏ.ஹெச்.பி. முறையை நாடுகிறார்கள். பத்து அளவுகோல் வைத்தால் 45 ஜோடி ஒப்பீடு. முப்பதாவதைத் தாண்டும்போதே எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்; அவர் பதில்கள் தங்களுக்குள் முரண்படுவதைக் காட்டும் விகிதம் 0.10 என்ற வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஐந்தாறு அளவுகோலோடு நிறுத்துங்கள்.

‘இதையெல்லாம் ஏ.ஐ. சாட்பாட்டில் போட்டுவிடலாமே’ என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நிறுவன ஆவணங்களில் தேடிப் பதில் சொல்லும் பாட் கட்டுவது இன்று எளிது. ‘பிஞ்சுப் பருத்தி, சவசவ’ எந்த ஆவணத்திலும் இல்லையென்றால் அது எதைத் தேடி எடுக்கும்? ஐந்தாவது படியைத் தாண்டிக் குதிக்க அதுவும் வழி தராது.

படி 9: சோதித்துப் பார்ப்பது

ஸ்டான்ஃபோர்டில் 1970-களில் உருவான மைசின், தொற்றுநோய்க்கு எந்த ஆன்டிபயாட்டிக் என்று ஆலோசனை சொன்ன அமைப்பு. 1979-ல் வெளியான சோதனையில், எது யாருடைய பரிந்துரை என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் மைசினின் சிகிச்சைகளில் 65 சதவீதத்தை ஏற்கத்தக்கவை என்றார்கள். அதே மருத்துவப் பள்ளியின் நிபுணர்கள் ஐவருக்குக் கிடைத்தது 42.5 முதல் 62.5 சதவீதம். இத்தனைக்குப் பிறகும் அது அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை. மருத்துவர் உட்கார்ந்து நீண்ட நேரம் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. தவறினால் யார் பொறுப்பு என்பதற்கும் பதில் இல்லை.

ஆகவே சோதனை இரண்டு. முதலாவது, கணக்கு சரியா: பழைய ஆறு மாதக் கலவைகளை மாதிரிக்குக் கொடுத்து, அது என்ன சொல்லியிருக்கும், புகார் எவற்றுக்கு வந்தது என்று ஒப்பிடுங்கள். வரம்புகளைத் தீர்மானிக்கப் பயன்படுத்திய மாதங்களையே சோதனைக்கும் எடுத்தால் அது நீங்களே கேள்வி எழுதி நீங்களே விடை எழுதும் பரீட்சை. இரண்டாவது, யாராவது பயன்படுத்துகிறார்களா: சில வாரம் மாதிரியை ஓரமாக ஓடவிட்டு, மாஸ்டர் தன் முடிவை எழுதிய பிறகு மட்டும் மாதிரியின் விடையைக் காட்டுங்கள். இரண்டும் வேறுபடும் ஒவ்வொரு நாளும் ஏன் என்று கேளுங்கள். சில நாள் அவர் மாற்றிக்கொள்வார்; சில நாள் மாதிரிக்குப் புதிய கட்டுப்பாடு கிடைக்கும்.

கணினி ஒருமுறை தவறினால் மனிதர்கள் அதைச் சட்டென்று கைவிடுகிறார்கள், அதே தவறைச் செய்த மனிதரைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று டீட்வோர்ஸ்ட் குழு 2015-ல் காட்டியது. விடையைக் கொஞ்சமாவது திருத்த இடம் கொடுத்தால் பயன்படுத்த முன்வருகிறார்கள் என்பது அதே குழுவின் பிந்தைய முடிவு. உங்கள் திரையிலும் பேல் எண்ணிக்கையைக் கையால் மாற்றும் கட்டம் இருக்கட்டும். மாற்றும்போது காரணத்தை ஒரு வரியில் எழுதவும் இடம் விடுங்கள். அடுத்த ஆய்வாளருக்கு அந்த வரிகள் புதையல்.

படி 10: எழுதிச் சமர்ப்பிப்பது

யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, பாடநெறியும் அதற்குள் அடங்கும். ஆய்வுக்கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற தேசிய அளவிலான கட்டாயம் அதில் நீங்கியது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், பதிவுத் துறையில் கேட்டுவிடுங்கள். பிறர் எழுத்தோடு உங்கள் எழுத்து ஒத்துப்போகும் அளவுக்கு (ஒப்புமை) யு.ஜி.சி.யின் 2018 விதிகள்: 10 சதவீதம் வரை நடவடிக்கை இல்லை, அதற்கு மேல் 40 வரை ஆய்வேட்டைத் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். இலக்கிய மறுஆய்வு அத்தியாயத்தில்தான் பலரும் மாட்டுகிறார்கள். களத்திலிருந்து எழுதிய பக்கங்களுக்கு அந்தப் பயம் இல்லை. மாஸ்டர் பேசியதை வேறு யார் எழுதியிருக்கப் போகிறார்கள்?

சமர்ப்பிக்கும் முன், கண்டுபிடித்ததை இரண்டு பக்கத் தமிழில் எழுதி மாஸ்டரிடம் கொடுங்கள். பேனாவையும் கொடுங்கள். அவர் அடித்துத் திருத்திய அந்தத் தாளை, மில்லின் பெயரும் அவர் பெயரும் தெரியாதபடி மறைத்து, அப்படியே பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள்.